பழைய வீட்டில் நிலக்கரி சேமிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் விக்டோரியா காலத் தெருக்களில் நடந்தால், நடைபாதையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட இரும்பு மூடிகள் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் திறந்து மூட்டையைக் கவிழ்த்தால் கரி நேராகக் கீழே உள்ள அறையில் விழும், வீட்டுக்குள் தூசி வராது. அந்த அறை இருக்கிறதே என்று இன்றைக்கும் அதிலேயே கரியைக் கொட்டுகிறார்கள். நடைபாதைக்கு அடியில் இருப்பதால் அங்கே பெரும்பாலும் ஈரம் கசியும். ஈரக்கரியைப் போட்டால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அதைவிட முக்கியம், கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சும். காற்றோட்டம் இல்லாத, பல நாள் பூட்டிக் கிடந்த அறைக்குள் சட்டென்று நுழையக்கூடாது.

சரி, வெளியே பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். பழைய வீடுகளின் வெளிச்சுவரில், தரைக்குச் சற்று மேலே, ஓட்டை போட்ட செங்கல்கள் இருக்கும். மரத்தரைக்கு அடியில் காற்றுப் போவதே அவற்றின் வழியாகத்தான். பெட்டி அதை அடைத்தால் தரை உத்தரங்கள் உளுத்துப்போகும். பெட்டியே இல்லாமல் சுவர்மேல் கரியைக் குவிப்பது இன்னும் மோசம். ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரில் வைத்த தடுப்பைக் குவியல் தாண்டினால், ஈரம் அதன் வழியாகச் சுவருக்குள் ஏறிவிடும். நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

பெட்டியில் மேலே கொட்டி மேலேயே அள்ளாதீர்கள். அடியில் பழைய கரியும் தூளும் தேங்கிவிடும். கீழ்க்கதவு வழியாக எடுங்கள், தூளை அவ்வப்போது கூட்டித் தள்ளுங்கள். கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து பெரிய குவியல்களில்தான் அதிகம். வீட்டளவில் அரிது என்றாலும் தூளைச் சேர விடவேண்டாம்.

எல்லாவற்றிலும் முட்டாள்தனமானது, கணப்பில் அள்ளிய சாம்பல் வாளியைக் கரிக்குப் பக்கத்திலேயே வைப்பது. மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, கல்தரையில் வையுங்கள்.

அப்புறம், பழைய அறையில் யாரோ விட்டுப்போன கரி கிடைத்தால் அப்படியே எரிக்க வேண்டாம். புகையைக் கட்டுப்படுத்த அங்கே அறிவித்துள்ள ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’களில் சாதாரண வீட்டுக்கரியைத் திறந்த கணப்பில் எரிக்க அனுமதி இல்லை. இங்கிலாந்தில் அதன் மூட்டை விற்பனை 2021 மே மாதமும், உதிரி விற்பனை 2023 மே மாதமும் நின்றுவிட்டன. ஆந்த்ரசைட் என்ற, புகை மிகக் குறைந்த கடினமான நிலக்கரியும் அங்கீகரித்த புகையில்லாக் கட்டிகளும் கடையில் கிடைக்கின்றன.