பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள்: மொழிபெயர்த்துப் பழகும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சின்னச் சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் அதிகம். ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டுமே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். இத்தனையையும் உருப்போட்டு யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்து, இந்த இடத்தில் இதுதான் பொருள் என்று தீர்மானிக்கும் பழக்கம் வந்தால் போதும்.

அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர மொழிபெயர்ப்பு நல்ல வழி. ‘இன்ட்ரெஸ்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் படிக்கும்போது அரைகுறையாகப் புரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால் வட்டியா, ஆர்வமா, நலனா, பங்கா என்று முடிவு செய்யாமல் பேனா நகராது. ஆனால் பயிற்சியைச் செய்யும் முறை கோணலாக இருந்தால், எழுத எழுதத் தப்பான பொருளே கையில் படிந்துவிடும். அப்படிக் கோணலாகும் இடங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பட்டியல் போட்டு உருப்போடுவது

நோட்டில் ‘சார்ஜ்’ என்று எழுதி, எதிரே ‘கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்தல், மின்னேற்றம்’ என்று வரிசையாக எழுதி வைப்பதுதான் முதல் தவறு. மிகப் பரவலான தவறும் இதுவே. ஐந்து பொருளும் மனப்பாடமாகிவிடும். வாக்கியத்தில் அந்தச் சொல் வந்து நிற்கும்போது ஐந்தில் எது என்று சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு துப்பும் இருக்காது. துப்பு இருப்பது சொல்லில் அல்ல, அதன் அக்கம்பக்கத்தில். கீழே உள்ள வாக்கியங்களைப் பாருங்கள்.

‘தே சார்ஜ்டு மீ 200 ருபீஸ் ஃபார் த ரிப்பேர்.’ ரிப்பேருக்கு என்னிடம் 200 ரூபாய் வாங்கினார்கள்.

‘ஹி வாஸ் சார்ஜ்டு வித் தெஃப்ட்.’ அவர் மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது.

‘த எலிஃபன்ட் சார்ஜ்டு அட் த ஜீப்.’ யானை ஜீப்பை நோக்கிப் பாய்ந்தது.

‘ஷி இஸ் இன் சார்ஜ் ஆஃப் த ஸ்டோர் ரூம்.’ ஸ்டோர் ரூம் அவர் பொறுப்பில் இருக்கிறது.

தொகையும் ‘ஃபார்’ என்பதும் வந்தால் பணம் வாங்குவது. ‘வித்’ வந்து அதன் பின்னால் ஒரு குற்றத்தின் பெயர் வந்தால் குற்றச்சாட்டு. ‘அட்’ வந்தால் பாய்ச்சல். ‘இன்’, ‘ஆஃப்’ இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டால் பொறுப்பு. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஷி இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர். நடுவில் ஒரு ‘த’ நுழைந்து ‘த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் ஹெர் ஆன்ட்’ என்றானால், குழந்தை அத்தையின் பராமரிப்பில் இருக்கிறது. யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதையே அந்தச் சின்னஞ்சிறு சொல் புரட்டிவிடுகிறது.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியது சொல்லும் அதன் பொருள்களும் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழு வாக்கியம், அதில் பொருளைக் காட்டிக்கொடுக்கும் பக்கத்துச் சொல்லுக்கு அடிக்கோடு. ‘இன்ட்ரெஸ்ட் ஆன்’ என்றால் பெரும்பாலும் வட்டி. ‘இன்ட்ரெஸ்ட் இன்’ என்றால் ஆர்வம். பின்னால் கம்பெனியோ சொத்தோ வந்தால் பங்கு அல்லது உரிமை. ‘இன் த இன்ட்ரெஸ்ட் ஆஃப்’ என்றால் நலன் கருதி.

தெரிந்த பொருளையே எல்லா இடத்திலும் போடுவது

‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று சின்ன வயதிலேயே பதிந்துவிடுகிறது. பிறகு ‘த மினிஸ்டர் அட்ரஸ்டு த மீட்டிங்’ என்று வந்தாலும் மனம் முகவரியைத்தான் தேடும். இதற்கு ஒரே மருந்து, பொருளைத் தேடும் முன் சொல்லின் வகையைத் தேடுவது. இங்கே அது வினைச்சொல். அமைச்சர் கூட்டத்தில் பேசினார். அதே வினையின் பின்னால் ‘ப்ராப்ளம்’ வந்தால், பிரச்சினையைக் கவனித்துத் தீர்க்க முற்படுவது. ‘ஃபைன்’ பெயர்ச்சொல்லாக வந்தால் அபராதம். உரிச்சொல்லாக வந்தால் நன்றாக இருப்பது அல்லது நுண்ணியது. சமையல் குறிப்பில் ‘கிரைண்ட் இட் ஃபைன்’ என்று வந்தால் நைசாக அரைக்கச் சொல்கிறார்கள்.

கடைசியில் வரும் ‘எஸ்’ எழுத்தைப் பன்மை என்று நினைத்து விட்டுவிடுவதும் இதே ரகம். ‘டேமேஜ்’ சேதம், ‘டேமேஜஸ்’ நீதிமன்றம் தரச் சொல்லும் நஷ்டஈடு. ‘கஸ்டம்’ வழக்கம், ‘கஸ்டம்ஸ்’ சுங்கத்துறையாகவும் இருக்கலாம். ‘மினிட்ஸ்’ என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சில் வந்தால் கூட்டக் குறிப்பு. ‘பேப்பர்’ முன்னால் ஒன்றும் இல்லாமல் வந்தால் தாள். ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாளோ ஆய்வுக் கட்டுரையோ தேர்வுத் தாளோ. ‘பேப்பர்ஸ்’ என்றால் பெரும்பாலும் ஆவணங்கள்.

எழுத்து ஒன்றாக இருந்து ஒலி மாறும் சொற்களும் உண்டு. எல், இ, ஏ, டி என்ற நான்கு எழுத்தை ‘லீட்’ என்று படித்தால் வழிநடத்து. ‘லெட்’ என்று படித்தால் ஈயம். டி, இ, ஏ, ஆர் ‘டியர்’ ஆனால் கண்ணீர், ‘டேர்’ ஆனால் கிழி. இவற்றைக் கண்ணால் மட்டும் பழகினால் பொருளும் குழம்பும், உச்சரிப்பும் குழம்பும். மொழிபெயர்த்து முடித்த ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பொருள் பிடிபடாத வாக்கியங்களில் பழகுவது

பயிற்சிப் பட்டியல்களில் ‘த கேஸ் இஸ் க்ளோஸ்டு’ போன்ற மொட்டை வாக்கியங்கள் நிறைய வரும். வழக்கு முடிந்துவிட்டதா, பெட்டி மூடியிருக்கிறதா? இரண்டும் சரிதான். இப்படிப்பட்ட வாக்கியத்தில் பழகுபவர் ஊகிக்கத்தான் கற்றுக்கொள்கிறார். வாக்கியத்தில் பொருளை உறுதி செய்யும் சொல் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் நல்லது. ‘தி இன்ஸ்பெக்டர் செட் த கேஸ் வாஸ் க்ளோஸ்டு ஃபார் லேக் ஆஃப் எவிடென்ஸ்’ என்று எழுதினால் இன்ஸ்பெக்டரும் எவிடென்ஸும் சேர்ந்து வழக்கு என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 8 முதல் 15 சொல் வரை உள்ள வாக்கியம் இதற்குத் தோதானது.

இன்னொன்று, ஒரே பொருளில் பத்து வாக்கியங்களை அடுத்தடுத்துச் செய்யக் கூடாது. மூன்றாவது வாக்கியத்திலேயே சொல்லைப் பார்க்காமல் கை எழுதத் தொடங்கிவிடும். சொற்களையும் பொருள்களையும் கலைத்துப் போட்டால்தான் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க நேரிடும்.

உறவுள்ள பொருளையும் உறவில்லாத பொருளையும் ஒரே மூட்டையில் கட்டுவது

ஆற்றங்கரையைக் குறிக்கும் ‘பேங்க்’ வேறு, பணம் போடும் ‘பேங்க்’ வேறு. அகராதியில் இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கும். நம் மொழியில் நதியான ஆறும் எண்ணான ஆறும் போல. இவற்றுக்குள் தொடர்பு தேடிப் பயனில்லை. இரண்டு சொல்லாகவே பழகலாம்.

‘ஹெட்’, ‘ஃபுட்’, ‘மவுத்’ போன்றவை அப்படி அல்ல. ஒரு பொருளிலிருந்து இன்னொன்று கிளைத்திருக்கிறது. தமிழிலும் பல இடங்களில் அதே கிளை உண்டு: துறைத் தலைவர், மலையடிவாரம், மேசைக் கால், சீப்பின் பல். கிளை பிரியும் இடங்களில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண், நமக்கு ஊசிக்குக் காது. கடிகாரத்துக்கு அங்கே கை, இங்கே முள். வாழைப்பழத்தை அவர்கள் ‘ஹேண்ட்’ கணக்கில் சொல்வார்கள், நாம் சீப்புக் கணக்கில் வாங்குகிறோம். இந்த இடங்களைத் தனியாக ஒரு பக்கத்தில் குறித்து வைப்பது நல்ல முதலீடு. இருமொழியிலும் சொல்வளம் கூடும்.

நாம் பேசும் ஆங்கிலச் சொல்லை நம்புவது

தமிழ்ப் பேச்சில் கலந்த ஆங்கிலச் சொற்கள் நம் வீட்டுப் பொருளோடுதான் வாழ்கின்றன. நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம்; ஆங்கிலத்தில் தங்கும் இடம். கவர் என்றால் நமக்குப் பையோ உறையோ. ஆங்கிலத்தில் மூடு, மூடி, ஈடுகட்டு, செய்தி சேகரி என்று பல. ‘மெஸ்’ கேட்டால் நமக்குப் பசிக்கும். ‘யுவர் ரூம் இஸ் எ மெஸ்’ என்றால் அறை அலங்கோலமாகக் கிடக்கிறது. ‘டவுட்’ என்பதை நாம் பாடத்தில் கேட்கும் கேள்விக்குச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நம்பிக்கையின்மை என்ற சாயல் தூக்கலாக இருக்கும். இந்தச் சொற்களை ‘தெரிந்ததுதானே’ என்று தாண்டிவிடாமல் முதலில் பயிற்சிக்கு எடுக்க வேண்டும்.

துறை மாறினாலும் பொருள் மாறும். இசை பற்றிய பத்தியில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ இசைக்கருவி. 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தில் அது ஆவணம். ‘எக்ஸிக்யூட்டட் எ டீட்’ என்றால் பத்திரம் எழுதிக்கொடுத்தார். வங்கி கடனை ‘சாங்ஷன்’ செய்தால் ஒப்புதல்; ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்ஸ்’ விதித்தால் தடை. ‘டேபிள்’ என்ற வினை இந்தியாவிலும் பிரிட்டனிலும் அவையில் முன்வைப்பது. அமெரிக்கச் செய்தியில் கிடப்பில் போடுவது. செய்தி எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் நேர் எதிராக எழுதிவிடுவோம்.

ஒரு திசையில் மட்டும் போவது

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டும் எழுதினால் பாதிப் பயிற்சிதான். புரிந்துகொள்ள வரும், பயன்படுத்த வராது. தமிழிலிருந்து திரும்பும்போது வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. நம் வினைகளுக்கும் பல பொருள் உண்டு. ‘போடு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் போட்டால் ‘ஸ்விட்ச் ஆன்’, டீ போட்டால் ‘மேக்’, கணக்குப் போட்டால் ‘டூ’, ஊசி போட்டால் ‘கிவ்’, கையெழுத்துப் போட்டால் வெறும் ‘சைன்’. நாய் குட்டி போட்டால் ‘ஹேட் பப்பீஸ்’. சட்டை போட்டால் ‘புட் ஆன்’. அதுவும் போட்டுக்கொள்ளும் செயலுக்குத்தான், போட்டிருக்கும் நிலைக்கு ‘வேர்’. இவற்றைப் பழகாததால்தான் ‘புட் யுவர் சைன்’ என்று காதில் விழுகிறது. ‘பிடி’, ‘எடு’, ‘விடு’, ‘கட்டு’ நான்கையும் இதே மாதிரி விரித்து எழுதிப் பாருங்கள்.

திரும்பிப் பெயர்க்கும் முறை எளிது. நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். இரண்டு நாள் கழித்து இடப்பக்கத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு வேறு மையில் திருத்துங்கள். முதலில் பார்க்க வேண்டியது ‘வித்’, ‘அட்’, ‘ஆன்’ போன்ற சின்னச் சொற்கள் விட்டுப்போயினவா என்பதை. பொருளைப் பூட்டி வைத்திருப்பது அவைதான். ‘ரன் அவுட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றை உடைக்காமல் ஒரே சொல்லாகக் கருதுங்கள்.

அகராதியின் முதல் பொருளையும் செயலியின் பதிலையும் அப்படியே எடுப்பது

எல்லா அகராதியும் ஒரே வரிசையில் பொருள் தருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வரலாற்று வரிசையில் போகும். முதலில் இருப்பது இன்று யாரும் சொல்லாத பொருளாகவும் இருக்கலாம். கற்பவர்களுக்கான அகராதிகளில் பொதுவாக அதிகம் புழங்கும் பொருள் முன்னால் வரும். 1987இல் வெளிவந்த கோபில்டு அகராதி ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியத்தில் விளக்கியது. பக்கத்துச் சொல்லும் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் இந்தப் பயிற்சிக்கு அந்த முறை மிகவும் பொருந்தும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைத் தட்டினால் சூழல் இல்லாமல் ஒரு பொருளைத் தூக்கிப் போடும். முழு வாக்கியத்தைக் கொடுத்தால் விடை தேறும். ஆனாலும் முதலில் சொந்தமாக எழுதிவிட்டு, சரிபார்க்க மட்டும் செயலிக்குப் போவதே முறை. சரளமாக இருக்கிறது என்பதற்காக அதன் விடையை ஏற்காமல், கற்பவர் அகராதியில் அதே பொருளுக்கான எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாப் பொருளையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பது

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்பதையும் அவர் கொடுத்தார். பெரும்பாலான சொற்களில் இரண்டு மூன்று பொருள்களே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. விமானம் சாய்ந்து திரும்புவதற்கும் ‘பேங்க்’ என்பார்கள்; அது பிறகு வந்தால் போதும்.

வாரத்துக்கு 5 சொல், சொல்லுக்கு 3 பொருள், பொருளுக்கு 2 வாக்கியம் என்று வைத்தால் 30 வாக்கியம். முதல் நாள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு; மூன்றாம் நாள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு; ஏழாம் நாள் வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி இரு திசையிலும். ஏழாம் நாளும் சரியாக வந்த வாக்கியங்களை அடித்துவிடலாம். தவறியவற்றை அப்படியே திரும்ப எழுத வேண்டாம், வாக்கியமே மனப்பாடமாகிவிடும். அதே பொருளில், அதே பக்கத்துச் சொல்லோடு, வேறு சூழலில் புதிய வாக்கியம் ஒன்றை எழுதி அடுத்த வாரப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.