இ-வாரண்ட் முறைக்கு நிதி திரட்டுவது எப்படி: அமெரிக்கக் கவுன்ட்டிகளுக்கும் சிறு நகரங்களுக்கும்

நள்ளிரவு தாண்டி ஒரு காரை நிறுத்துகிறார்கள். ஓட்டியவர் குடித்திருப்பது தெரிகிறது, ஆனால் மூச்சுப் பரிசோதனைக்கு மறுக்கிறார். ரத்தம் எடுக்க வாரண்ட், அதாவது நீதிபதியின் எழுத்து அனுமதி, வேண்டும். நீதிபதியோ தூக்கத்தில், 40 மைல் தள்ளி இருக்கிறார். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு ஏறத்தாழ 0.015 முதல் 0.02 சதவீதம் வரை இறங்கும். 0.11-ல் பிடிபட்டவர் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான மாநிலங்களின் 0.08 என்ற சட்ட வரம்புக்கே வந்துவிடுவார். 'ஆல்கஹால் கரைகிறது என்பதற்காக மட்டுமே வாரண்ட் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது' என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் மிசூரி எதிர் மெக்நீலி வழக்கில் சொல்லிவிட்டது. கைதோடு சேர்த்து மூச்சுப் பரிசோதனை செய்யலாம், ரத்தத்துக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2016-ல் பிர்ச்ஃபீல்டு வழக்கு அந்தக் கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது. விண்ணப்பமும் கையெழுத்தும் இணையம் வழியாகவே போய்வருவதுதான் இ-வாரண்ட் முறை. கான்சாஸின் ஒரு கவுன்ட்டியில் (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு) காவலர் அனுப்பும் விண்ணப்பத்தில் நீதிபதி ஐபேடிலேயே கையெழுத்திட்டு 15 நிமிடத்துக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்ற தகவல் மெக்நீலி வழக்கில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தனிக் கருத்திலேயே இருக்கிறது. நிதி கேட்கும்போது இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம்.

இருந்தாலும் பல விண்ணப்பங்கள் தோற்கின்றன, அல்லது பணம் வந்த மூன்றாவது ஆண்டில் முறையே நின்றுபோகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மென்பொருள் விற்பனையாளரின் விலைப்பட்டியலில் இருந்து வேலையைத் தொடங்கியிருப்பார்கள். தொடங்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

முதலில் நீதிபதியின் எழுத்துபூர்வ உத்தரவு

கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதி 4.1, தொலைபேசி வழியாகவோ நம்பகமான வேறு மின்னணு வழியாகவோ வாரண்ட் வாங்க அனுமதிக்கிறது. 2011 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அது கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான விதி. உங்கள் கவுன்ட்டியின் வாரண்டுக்கு உங்கள் மாநிலச் சட்டமும் நீதிமன்ற விதியும்தான் பேசும். 'இ-சைன் சட்டம் மின்கையெழுத்தை ஏற்கிறதே' என்று விற்பனையாளர் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2000-ல் வந்த அந்தச் சட்டத்தின் பொது விதி நீதிமன்ற உத்தரவுகளுக்கும் நீதிமன்ற ஆவணங்களுக்கும் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது.

எனவே தலைமை நீதிபதியிடமிருந்து ஒரு நிர்வாக உத்தரவு வாங்குங்கள். அதில் ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: சத்தியப்பிரமாணம் தொலைபேசியிலா, வீடியோவிலா, பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்ட எழுத்து உறுதிமொழியாலா, இரவுப் பணி நீதிபதிகளின் முறைப் பட்டியலை யார் வைத்திருப்பார், அசல் என்று கருதப்படுவது எந்தக் கோப்பு, நிறைவேற்றிய அறிக்கை எங்கே தாக்கலாகும், இணையம் அறுந்தால் மாற்று வழி என்ன. அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் கேட்பது நியாயமான காரணமும் பிரமாணமும். மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரமாணம் எப்படி எடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவு இல்லையென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார்.

ஆறு மாதக் கணக்கு

கட்டுப்பாட்டு அறையின் அழைப்புப் பதிவுகளிலிருந்து கடந்த ஆறு மாத வாரண்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நேரங்கள் போதும்: எழுதத் தொடங்கியது, நீதிபதியை அடைந்தது, கையெழுத்தானது, ரத்தம் எடுத்தது அல்லது சோதனையிட உள்ளே நுழைந்தது. சராசரி வேண்டாம்; ஒரே ஒரு ஏழு மணி நேர வழக்கு அதைக் கெடுத்துவிடும். இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, கொடுங்கள். 'நேரமாகிவிட்டது' என்று வாரண்டே கேட்காமல் விட்ட வழக்குகளையும் தனியாக எண்ணுங்கள். நிதி தருபவரை அசைக்கும் எண் பெரும்பாலும் அதுதான். மானியம் கிடைத்த பிறகு முன்னேற்ற அறிக்கைகளில் ஒப்பிட்டுக் காட்டவும் இதே கணக்குதான் வேண்டும். பின்னால் போய்ச் சேகரிக்க முடியாது.

செலவுப் பட்டியலில் விடுபடுபவை

உரிமக் கட்டணமும் டேப்லெட்டும் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். விடுபடுவது இணைப்புச் செலவு. இ-வாரண்ட் மென்பொருள் காவல் துறையின் பதிவேட்டு மென்பொருளோடும், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் மென்பொருளோடும், நீதிமன்றத்தின் வழக்கு மேலாண்மை மென்பொருளோடும் பேச வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு, இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகக் கட்டணம் கேட்கும். ஒரு முனைக்கு மட்டும் விலை வாங்கி விண்ணப்பித்துவிட்டால் மீதியை உள்ளூர்ப் பொது நிதியில்தான் தேட வேண்டியிருக்கும்.

பாதுகாப்புச் செலவு அடுத்தது. குற்ற வரலாற்றுத் தகவல் ஓடும் எந்த முறையும் எஃப்.பி.ஐ.யின் சி.ஜே.ஐ.எஸ். (குற்றவியல் நீதித் தகவல் சேவைகள்) பாதுகாப்புக் கொள்கைக்குக் கட்டுப்பட்டது. 2024 அக்டோபர் 1 முதல் பல்காரணி உள்நுழைவு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம். மறைகுறியாக்கப்படாத தரவைத் தொடும் விற்பனையாளர் ஊழியர்களுக்குக் கைரேகை அடிப்படையிலான பின்னணிச் சோதனை வேண்டும். காவலர் ஒவ்வொருவருக்கும் ஓர் உள்நுழைவு டோக்கன், தொலைந்தால் மாற்று, நீதிபதிகளுக்கும் அதே. சிறு தொகைதான், ஆனால் ஆண்டுதோறும் வரும். கிராமப்புறங்களில் சிக்னல் இல்லாத இடங்களுக்கு வாகனத்தில் ரவுட்டரும் வெளி ஆன்டெனாவும் சேருங்கள். ஹுவாவே, இசட்.டி.இ., ஹைட்டெரா, ஹிக்விஷன், டாஹுவா ஆகியவற்றின் தடை செய்யப்பட்ட தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கருவிகளைக் கூட்டாட்சி மானியத்தில் வாங்க முடியாது. மலிவான ரவுட்டரை இணையக் கடையில் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

நீதிபதியின் டேப்லெட்டை ஷெரிஃப் அலுவலகம் (கவுன்ட்டியின் காவல் துறை) வாங்கித் தருவது சட்டப்படி முடிந்தாலும் பார்வைக்கு நன்றாக இருக்காது. நீதிமன்றமே வாங்கி, தன் தொழில்நுட்பப் பிரிவின் கையில் வைத்துக்கொள்வதே சரி. அதற்கான பணத்தைப் புரிந்துணர்வு ஒப்பந்தம் மூலம் மாற்றிக் கொடுக்கலாம்.

பணம் எங்கே இருக்கிறது

குடிபோதை ஓட்டுநர் வழக்குகள்தான் உங்கள் முதன்மைத் தேவை என்றால் மாநில நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பிரிவு 402, பிரிவு 405-டி நிதிகள் அதன் வழியாக வருகின்றன. மாநிலத்தின் ஆண்டு விண்ணப்பம் ஆகஸ்ட் 1-க்குள் வாஷிங்டன் போக வேண்டும், நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். ஆகவே உள்ளூர் விண்ணப்பங்களுக்கான கதவு அதற்குப் பல மாதங்கள் முன்பே மூடிவிடும். இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, இது செலவழித்த பிறகு திரும்பத் தரும் பணம். முன்பணம் போட நகர மன்றத்தின் தீர்மானம் கையில் இல்லையென்றால் வேலை நின்றுவிடும். இரண்டாவது, போக்குவரத்துப் பாதுகாப்புக்கு உரிய பங்கை மட்டுமே இந்த நிதி ஏற்கும். உங்கள் வாரண்டுகளில் 60 சதவீதம் குடிபோதை வழக்கு என்றால் பொதுவான உரிமக் கட்டணத்தில் 60 சதவீதத்தையே இங்கே காட்டுங்கள், மீதிக்கு வேறு பை வேண்டும். ஆறு மாதக் கணக்கு இதற்கும் உதவும்.

அந்த மீதிக்குப் பொருத்தமானது பைர்ன் ஜே.ஏ.ஜி. மானியம். நீதித் துறையின் நீதி உதவிப் பணியகம் தருவது. சூத்திரப்படி ஒவ்வொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டிலும் 60 சதவீதம் மாநில அரசுக்கும் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கும் போகும். உங்கள் பங்கு 10,000 டாலரைத் தொடவில்லையென்றால் நேரடியாக வராது. மாநிலத்திடம் கேட்க வேண்டும். பொருத்து நிதி (உங்கள் பக்கப் பங்குத் தொகை) போடத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தை ஆளும் மன்றத்தின் பார்வைக்குத் தாக்கலுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே வைக்க வேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். மாதம் ஒருமுறை கூடும் மன்றம் என்றால் நாள்காட்டியை இப்போதே பாருங்கள். விண்ணப்பம் இரண்டு இணையதளங்களில் இரண்டு கட்டம்: முதலில் கிராண்ட்ஸ்.கவ், பிறகு ஜஸ்ட்கிராண்ட்ஸ். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. கூட்டாட்சி மானியம் பெறத் தேவையான சாம்.கவ் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியானது கடைசி வாரத்தில்தான் தெரியவரும் என்பது இந்தத் துறையின் எழுதப்படாத விதி. பதிவுக்குக் கட்டணம் இல்லை; 'நாங்கள் புதுப்பித்துத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று வரும் மின்னஞ்சல்களைக் குப்பையில் போடுங்கள்.

பறிமுதல் சொத்துப் பங்கீட்டு நிதி ஒருமுறைச் செலவுக்கு நல்லது, ஆண்டுச் சந்தாவுக்கு ஆகாது. வராத பணத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதக் கூடாது என்பதும் அதன் நிபந்தனை. கொரோனா காலத்து அமெரிக்க மீட்புத் திட்ட நிதியைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். புதிதாக ஒதுக்கும் காலம் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.

நான்காம் ஆண்டு: மானியம் முடிந்த பிறகு

கூட்டாட்சி மானியத்தால் ஏற்கெனவே இருக்கும் உள்ளூர் ஒதுக்கீட்டை இடப்பெயர்ச்சி செய்யக் கூடாது. பட்ஜெட்டில் இ-வாரண்டுக்கு ஓர் ஒதுக்கீடு எழுதிவிட்டு, மானியம் வந்ததும் அதை அடித்துவிட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள். மானியம் கிடைத்தால் மட்டுமே செய்யும் பணி என்பதைத் தீர்மானத்தில் அப்படியே எழுதுங்கள்.

'ஐந்து ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி' என்பது விற்பனையாளருக்குப் பிடித்த வாக்கியம். மானியக் காலம் முடிந்த பிறகான சேவைக்குப் போகும் தொகை பொதுவாக ஏற்கப்படாது; திருப்பிக் கட்ட நேரலாம். அதற்குப் பதில், மானியம் முடியும் மறுநாளிலிருந்து ஆண்டுச் செலவு எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் இருந்து என்று ஒரே பத்தியில் எழுதி மன்றத்தின் ஒப்புதல் வாங்குங்கள். மன்றத்தில் பேசும்போது, மிச்சமாகும் காவலர் நேரத்தைப் பண மிச்சம் என்று சொல்லாதீர்கள். கூடுதல் நேரப் படி குறைந்தால்தான் அது பணம். இல்லையென்றால் அது ரோந்துக்குத் திரும்பும் நேரம், அவ்வளவுதான். பட்ஜெட் அதிகாரி இதை உடனே கண்டுபிடிப்பார்.

கொள்முதலும் ஒப்பந்தமும்

நாஸ்போ வேல்யூபாயின்ட், சோர்ஸ்வெல் போன்ற கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்கள் மாதங்களை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த ஒப்பந்தம் போட்டி முறையில் தரப்பட்டதற்கான ஆவணத்தை உங்கள் கோப்பில் வையுங்கள். தேவைக் குறிப்புகளை எழுதித் தந்த நிறுவனம் அதே ஏலத்தில் போட்டியிடக் கூடாது என்பது கூட்டாட்சிக் கொள்முதல் விதி. 'மாதிரிக் குறிப்பு தருகிறோம், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வரும் உதவியை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இரவும் சேர்த்து 24 மணி நேர ஆதரவு இருக்க வேண்டும். காலை 8 முதல் மாலை 5 வரை ஆதரவு தரும் இ-வாரண்ட் நிறுவனம் யாருக்கும் உதவாது. ஆண்டு விலை உயர்வுக்கு உச்சவரம்பு, தரவு உங்களுடையது என்ற வரி, விலகும்போது எந்த வடிவத்தில் தரவைத் திருப்பித் தருவார்கள், அழிக்க முடியாத தணிக்கைப் பதிவு: இவை கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை. அந்தப் பதிவில் நீதிபதி விண்ணப்பத்தைத் திறந்த நேரம், முடிவெடுத்த நேரம், நிராகரித்தவை, திருத்தக் கேட்டவை எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துகிறார்கள் என்ற கேள்வி மன்றத்திலும் வரும், விசாரணையிலும் வரும்.

கடைசியாக, நேரடி ஓட்டத்துக்கு முன் 30 நாள் தொலைபேசி முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடட்டும். சிக்னல் குறைந்த மூன்று இடங்களில் இருந்தாவது நள்ளிரவில் பரிசோதனை விண்ணப்பம் அனுப்பிப் பாருங்கள். விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, பொருள் வரவுப் பதிவு, பயிற்சி வருகைக் கையொப்பம் நான்கையும் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையோடும் இணையுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலே திருப்பித் தரும் தொகை தாமதமாகும்.