கார்டுப் புள்ளியை மைலாக மாற்றும் முன் சீட் இருக்கிறதா என்று பாருங்கள்

மாமனாருக்கு எண்பது நிறைந்ததும் திருக்கடையூரில் சதாபிஷேகம் என்று நாள் குறித்துவிட்டார்கள். மண்டபம், சமையல், ஐயர் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்களுக்குப் போன் வந்தது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நான் மட்டும் தெம்பாக இருந்தேன். இரண்டு வருடமாக மளிகை, பிள்ளை டியூஷன், ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் ஒரே கார்டில் தேய்த்து, நாற்பதாயிரம் மைல் தேறும் அளவுக்குப் புள்ளி சேர்த்து வைத்திருந்தேன்.

அன்று இரவே மொத்தப் புள்ளியையும் கிரிஸ்ஃபிளையர் மைலாக, அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கும் மைலாக, மாற்றச் சொல்லிப் பட்டனை அழுத்தினேன். இரண்டு வாரம் கழித்துப் புள்ளி அப்படியே திரும்பி வந்தது. காரணம் என் பெயர். அதைப் பிறகு சொல்கிறேன். அந்த இரண்டு வாரத்தில் சென்னைக்குக் குறைந்த மைலில் இருந்த சேவர் வகை இருக்கைகள் போய்விட்டன. காசு கொடுத்துத்தான் போனோம். அதற்குப் பிறகு நாலைந்து தடவை ஒழுங்காக மாற்றியிருக்கிறேன். சிங்கப்பூரில் கார்டு வைத்திருந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு, நான் இப்போது செய்கிற முறை இது.

முதலில் கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் திறந்துவிடுங்கள். காசு கிடையாது. உடனே பத்து இலக்க எண் ஒன்று கிடைக்கும். கணக்கில் ஒரு மைல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே நுழைந்து மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட் எந்தத் தேதியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், புள்ளி சேர்க்க ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சென்னைக்கு எத்தனை மைல் வேண்டும், வரி எவ்வளவு என்று தெரிந்தால்தான் எத்தனை புள்ளி சேர்க்க வேண்டும் என்று தெரியும்.

தேடும்போது சேவர், அட்வான்டேஜ் என்று வகைகள் வரும். சேவர்தான் மைல் குறைவு. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கணக்கு. அட்வான்டேஜில் இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் மைலை அள்ளிக்கொண்டு போய்விடும். சேவரில் வெயிட்லிஸ்ட் என்று காட்டினால் அதை டிக்கெட் என்று நம்பி ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். வந்தாலும் வரும், வராமலும் போகும். டிசம்பர் பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் என்றால் கடைசி நேரத்தில் தேடுவது வீண். பயணத்துக்கு 355 நாள் முன்பே இருக்கைகளைத் திறந்துவிடுகிறார்கள். அடுத்த வருடப் பொங்கலுக்கு இந்த வருடப் பொங்கல் முடிந்ததுமே பார்க்க வேண்டும். நாத்தனார் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் இப்போது அவரும் அப்படித்தான் பார்க்கிறார்.

சரி, புள்ளிக் கணக்குக்கு வருவோம். எத்தனை புள்ளிக்கு எத்தனை மைல் என்பது வங்கிக்கு வங்கி வேறு. டிபிஎஸ்ஸில் 5,000 புள்ளிக்கு 10,000 மைல். யூஓபியிலும் 5,000 யூனி டாலருக்கு (அங்கே புள்ளிக்கு அதுதான் பெயர்) 10,000 மைல். சிட்டி பிரீமியர்மைல்ஸில் ஒன்றுக்கு ஒன்று, குறைந்தது 10,000. அதே சிட்டியின் ரிவார்ட்ஸ் கார்டில் 25,000 புள்ளி கொடுத்தால்தான் 10,000 மைல். 'என்னிடம் அறுபதாயிரம் புள்ளி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் எந்தக் கார்டு என்று கேளுங்கள். அறுபதாயிரம் மைலாகவும் இருக்கலாம், இருபதாயிரமாகவும் இருக்கலாம். நான் எல்லாவற்றையும் மைலாக்கித்தான் நோட்டில் எழுதி வைப்பேன். டிபிஎஸ் ஆல்டிட்யூட் கார்டில் உள்ளூர்ச் செலவுக்கு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 1.3 மைல். 10,000 மைல் சேர ஏறத்தாழ 7,700 வெள்ளி செலவழிக்க வேண்டும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு யாரும் மைலுக்காகச் செலவு செய்யத் தோன்றாது. எப்படியும் ஆகிற செலவுக்கு வருவதை விடாமல் பிடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். மாதாமாதம் கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வட்டியே சேர்ந்த மைலைத் தின்றுவிடும்.

யூஓபி கார்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் முழு ஐந்து வெள்ளிக்குத்தான் புள்ளி. தேக்காவில் 4.90 வெள்ளிக்குத் தோசை சாப்பிட்டால் ஒன்றும் விழாது. 9.90 ஆனால் ஐந்துக்கு மட்டும் விழும். சில்லறைச் செலவு அதிகம் என்றால் அதற்கு வேறு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நன்கொடை, காப்புறுதிப் பிரீமியம், மருத்துவமனை பில், அரசாங்கக் கட்டணம் போன்றவற்றுக்குப் பல வங்கிகளில் புள்ளியே கிடையாது. பெரிய தொகை தேய்க்கும் முன் அந்தக் கார்டின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்.

நகைக்கடையில் இன்னொரு விஷயம். 5,000 வெள்ளிக்குச் சங்கிலி எடுத்தால் 1.3 கணக்கில் 6,500 மைல். ஆனால் கார்டு என்றால் இரண்டு விழுக்காடு கூடுதல் என்று கடைக்காரர் சொன்னால் அது 100 வெள்ளி. ஒரு மைலை ஒன்றரைக் காசுக்கு, அதாவது ஒன்றரை சென்ட்டுக்கு, வாங்குகிறீர்கள். ஊருக்குப் போய் தி.நகரில் பட்டுப்புடவைக்குக் கார்டு நீட்டினாலும் இதே கதைதான். வெளிநாட்டுச் செலவுக்கு வெள்ளிக்கு 2.2 மைல் தருகிறார்கள், கூடவே 3.25 விழுக்காடு கட்டணமும் பிடிக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், அங்கேயும் ஒன்றரைக் காசு.

ஒன்றரைக் காசு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கட்டும் வரியைக் கழியுங்கள். மிச்சத்தை மைலால் வகுங்கள். பேச்சுக்கு, ஒரு வழி ரொக்க விலை 370 வெள்ளி, வரி 70, மைல் 20,000 என்று வைத்துக்கொள்வோம். 300 வெள்ளியை 20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு ஒன்றரைக் காசு. இதே செலவை 1.6 விழுக்காடு ரொக்கம் திருப்பித் தரும் கார்டில் செய்திருந்தால், 1.3 மைல் விழும் இடத்தில் 1.6 காசு கிடைத்திருக்கும், அதாவது மைலுக்கு ஏறத்தாழ 1.23 காசு. ஆகவே, 1.23-க்கு மேல் தேறினால்தான் மைல் கார்டு வைத்திருந்ததில் லாபம். விமான நிறுவனம் சலுகை விலை போடும் மாதங்களில் எனக்கு இந்தக் கணக்கு ஒரு காசுக்குக் கீழே வந்திருக்கிறது. அப்போது ரொக்கம் கொடுத்துப் போய், மைலைப் பொங்கலுக்கு வைத்துக்கொண்டேன். திருச்சி, கோயம்புத்தூர்க்காரர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் நேராகப் போகலாம். ஆனால் மைலை ஸ்கூட்டில் செலவழித்தால் சுமார் ஒரு காசுதான் மதிப்பு. அதற்கு ரொக்கமே மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த விமானங்களில் 2017-லிருந்து மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் கிடையாது, வரி மட்டும்தான். அதனால்தான் சென்னைக் கணக்கு ஓரளவு நிற்கிறது.

இப்போது முக்கியமான இடம். டிபிஎஸ் ஆல்டிட்யூட் புள்ளிக்கும் சிட்டி பிரீமியர்மைல்ஸுக்கும் காலாவதி கிடையாது. யூனி டாலருக்கு இரண்டு வருடம். கிரிஸ்ஃபிளையருக்குள் போன மைலுக்கு மூன்று வருடம், அன்றிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். போன மைல் புள்ளியாகத் திரும்பாது. இதனால்தான் தேதியும் இருக்கையும் கண்ணில் பட்ட பிறகு மாற்றுங்கள் என்கிறேன். அதற்காகப் புள்ளியை வருடக்கணக்கில் பூதம் காக்கவும் வேண்டாம். 2022 ஜூலையிலும், மறுபடி 2025 நவம்பரிலும் டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை ஏற்றினார்கள். வங்கியில் சும்மா கிடந்த புள்ளிக்கும் சேர்த்துத்தான் அந்த அடி.

ஒரு தடவை மாற்ற டிபிஎஸ்ஸில் 27.25 வெள்ளி, அதாவது 25 வெள்ளியும் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும். 10,000 மைல் மாற்றினாலும் 50,000 மாற்றினாலும் அதே கட்டணம். ஆகவே, சேர்த்து மாற்றுங்கள். டிபிஎஸ், யூஓபியில் உங்கள் பெயரில் இருக்கும் கார்டுகளின் புள்ளி ஒன்றாகச் சேரும். சிட்டியில் சேராது. இரண்டு கார்டு என்றால் இரண்டு கட்டணம். டிபிஎஸ்ஸில் வருடம் 43.60 வெள்ளி கட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தானாக மாற்றும் வசதியும் உண்டு. நான் எடுக்கவில்லை. கடிகாரத்தை நானாகப் போய் ஏன் ஓடவிட வேண்டும்?

மாற்றும் வேலை ஐந்து நிமிடம்தான். வங்கி ஆப்பில் ரிவார்ட்ஸ் பகுதிக்குப் போய், கிரிஸ்ஃபிளையரைத் தேர்ந்து, பத்து இலக்க எண்ணைப் போட வேண்டும். ஒவ்வொரு எண்ணாக உறுதி செய்துகொண்ட பிறகு அழுத்துங்கள். இரண்டு மூன்று வேலை நாளில் வரும். வெள்ளிக்கிழமை இரவு அழுத்திவிட்டுச் சனிக்கிழமை காலையில் தேடாதீர்கள். அந்த இடைவெளியில் இருக்கை போய்விடலாம் என்பது உண்மைதான். அதனால் நான் ஒரே தேதியை நம்புவதில்லை. முன்னும் பின்னும் நாலைந்து நாள் சேவர் திறந்திருக்கும் வாரமாகப் பார்த்துத்தான் மாற்றுவேன். அவசரம் என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் கிரிஸ் பிளஸ் ஆப் வழியாக உடனே மாற்றலாம், கட்டணமும் இல்லை. ஆனால் டிபிஎஸ்ஸில் 100 புள்ளிக்கு 200 மைலுக்குப் பதில் 170-தான். வந்ததை அந்த ஆப்பிலேயே விடாமல் உடனே கிரிஸ்ஃபிளையருக்கு நகர்த்திவிட வேண்டும். கார்டை மூடப் போகிறவர்களுக்கு, மிச்சம் கிடக்கும் ஆயிரம் இரண்டாயிரம் புள்ளியைக் காப்பாற்ற இந்த வழி உதவும்.

இனி என் பெயர்க் கதை. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. வங்கியிலும் அதே ஒற்றைப் பெயர். கிரிஸ்ஃபிளையர் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டபோது, வேறு எதைப் போடுவது என்று வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் பெயர் பொருந்தாததால் மாற்றம் நின்றுவிட்டது. நம் ஆட்களுக்கு இது சாதாரணமாக நடக்கும். ஒருவருக்கு இனிஷியல் முன்னால், ஒருவருக்கு அப்பா பெயர் பின்னால், இங்கே பிறந்தவர்களுக்கு 'த/பெ' நடுவில். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, கிரிஸ்ஃபிளையர் மூன்றையும் மேசைமேல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பாஸ்போர்ட் நகலோடு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். மாற்றத் தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். புள்ளி உங்கள் சொந்தக் கணக்குக்குத்தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கணவர் புள்ளியையும் மனைவி புள்ளியையும் ஒரே கிரிஸ்ஃபிளையர் கணக்கில் கொட்ட முடியாது.

ஆனால் உங்கள் மைலில் அடுத்தவருக்கு டிக்கெட் எடுக்கலாம். அதற்கு அவரை முன்கூட்டியே உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரை. நான் மாமனார், மாமியார், பிள்ளைகள் இருவர், வீட்டுக்காரர் என்று ஐந்தையும் நிரப்பிவிட்டேன். மாமியார் பெயரைச் சேர்க்கும்போதும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அவர் பாஸ்போர்ட்டில் 'லட்சுமி'க்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் டிக்கெட்டில் இன்னொரு கதை ஆகியிருக்கும்.

மைல் வந்து சேர்ந்ததும் போகும் வழி, வரும் வழி இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள். ஒரு வழிக்கு மட்டும் சேவர் கிடைத்தால் மற்றதற்கு ரொக்க விலை எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் திரும்பி வரும், அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கடைசியில் வரியைக் கார்டில் கட்டச் சொல்லும். புள்ளி சேர்க்கும் அதே கார்டை நீட்டுங்கள்.