இரட்டை அம்புக்குறியைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஜூன் பிறந்தாலே வாட்ஸ்அப்பில் மேட்டூர் அணைப் பேச்சுதான். வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். நீர்மட்டம் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். அப்படி ஒரு வருடம், "தண்ணீர் திறந்தாச்சு" என்று வந்த பழைய வீடியோவை நம்பி அப்பா நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்துவிட்டார். அந்த விதைநெல் வீணானது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கல்லூரிக்கு வந்த அப்புறம்தான் இதைக் கவனித்தேன்: செய்திக்கு மேலே இரண்டு அம்புக்குறிகள் இருந்தால், அது குறைந்தது 5 கை மாறி வந்தது. உடனே நம்பாமல், அனுப்பியவரிடமே "இது எப்போது எடுத்தது?" என்று கேளுங்கள். புயல், வெள்ளம் பற்றிய செய்தி என்றால் 1077-க்கு, அதாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, போன் போட்டுக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த அம்புக்குறியை அவர்கள் போனிலேயே காட்டிக்கொடுங்கள்.