டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கப் போகிறீர்களா? ஸ்க்ரூவையும் கையோடு எடுத்துப் போங்கள்

பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க், கேம் கன்ட்ரோலர், ட்ரில் மெஷின், டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள். இதில் எதைக் கழற்ற உட்கார்ந்தாலும் ஆறு இதழ் வைத்த பூ மாதிரி ஒரு குழியோடு ஸ்க்ரூ எதிரே நிற்கும். அதுதான் டார்க்ஸ். வீட்டில் இருக்கும் மைனஸ் ஸ்க்ரூடிரைவரை அதில் நெம்பிப் பார்க்காதீர்கள். சரியான பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனைத் துண்டு) இருந்தால் அரை நிமிட வேலை.

1967-ல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. நாம் தினமும் பார்க்கும் பிளஸ் ஸ்க்ரூவில் குழி கூம்பாக இறங்கும். அதனால் அழுத்தித் திருப்பும்போது ஸ்க்ரூடிரைவர் மேலே ஏறி வழுக்கும். டார்க்ஸில் குழியின் சுவர் நேராக இறங்குகிறது, கொடுக்கும் பலம் திருப்புவதற்கே போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வழுக்காது என்பதால் முன்னெச்சரிக்கையும் கிடைக்காது. அளவு தப்பான பிட்டைப் போட்டு முறுக்கினால் ஸ்க்ரூ தலை தேயும், இல்லாவிட்டால் பிட் முனை ஒடியும். அதனால் பிராண்டைவிட முக்கியம் பொருத்தம்.

படி 1: ஸ்க்ரூவை அடையாளம் பாருங்கள்

முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள். நம்மூர் தூசிக்கு, இரண்டு கோடை பார்த்த மெஷினில் குழி பாதி அடைத்துத்தான் இருக்கும். ஊசியால் கிளறி, பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்து முனைகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் டார்க்ஸ். ஐந்து இருந்தால் அது ஐபோன், மேக்புக்கில் வரும் பென்டலோப், அதற்குத் தனி பிட். ஆறு பக்கமும் நேர்கோடாக இருந்தால் ஆலன் கீ போடும் ஸ்க்ரூ.

குழியின் நடுவில் சின்னக் குச்சி நிற்கிறதா? அது செக்யூரிட்டி டார்க்ஸ். நடுவில் ஓட்டை உள்ள பிட் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் வருவது இதுதான், டி8 அளவு (டார்க்ஸ் அளவை டி என்ற எழுத்தோடு ஓர் எண் சேர்த்துச் சொல்வார்கள்). ஓட்டை பிட் சாதாரண டார்க்ஸிலும் நுழையும், அதனால் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். சின்ன அளவுகளில் ஓட்டை போட்ட முனை மெலிந்துபோகிறது, சீக்கிரம் ஒடியும். குச்சி இல்லாத ஸ்க்ரூவுக்கு ஓட்டை இல்லாத பிட்தான் சரி.

படி 2: அளவு

முனையிலிருந்து எதிர் முனைக்கு டி5 என்றால் 1.42 மி.மீ., டி6 1.70, டி8 2.31, டி9 2.50, டி10 2.74, டி15 3.27, டி20 3.86, டி25 4.43. டி8-க்கும் டி9-க்கும் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கண்ணால் பிரிக்க முடியாது.

சின்ன பிட் பெரிய குழிக்குள் சுகமாக நுழையும், ஆட்டமும் கொஞ்சம்தான் தெரியும், அங்கேதான் ஏமாறுகிறோம். எனவே பெரியதிலிருந்து இறங்கி வாருங்கள். அடிவரை இறங்கும் பிட்களில் எது பெரியதோ அதுதான் உங்கள் அளவு.

ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் டி6, டி8. ட்ரில் மெஷின் உறையில் டி15, டி20 அடிக்கடி வரும். சைக்கிள் டிஸ்க்கைப் பிடித்திருப்பது டி25. (ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் இருந்தால் மேல் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே தூசி போனால் முடிந்தது கதை.)

படி 3: கைப்பிடியும் பிட்டும்

பிட்டின் பின்பக்கம் இரண்டு தடிமனில் வரும்: 4 மி.மீ., கால் அங்குலம். போன், லேப்டாப் வேலைக்கு 4 மி.மீ. செட். அதில் கைப்பிடி மெலிசாக, தலையில் சுழலும் மூடியோடு இருக்கும். ஆள்காட்டி விரலை மூடியில் வைத்து, மற்ற விரல்களால் உருட்டுங்கள். டி5-ஐத் தடித்த கைப்பிடியில் மாட்டினால் நம் கை கொடுக்கும் பலத்தை முனை தாங்காது. டி15-க்கு மேல் போனால் கால் அங்குலம் எடுங்கள்.

கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்: கன்ட்ரோலரிலும் ட்ரில்லிலும் ஸ்க்ரூ ஆழமான குழாய்க்குள் இருக்கும். பிட் மாட்டும் தலை தடிமனாக இருப்பதால் அதற்குள் போகாது. அந்த வேலைக்கு நீளமான, ஒல்லியான கம்பி வைத்த தனி ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். குழாயின் வாய் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடையில் சோதிப்பது

மதுரையில் என்றால் டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேட ஆரம்பிக்கலாம். "ஸ்டார் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் பிளஸ் ஸ்க்ரூடிரைவர்தான் கைக்கு வரும். "டார்க்ஸ், டி8" என்று அளவோடு கேளுங்கள்.

எஸ்2 என்று பொறித்திருந்தால் கெட்டியான டூல் ஸ்டீல், சின்ன பிட்களுக்கு அதுதான் நல்லது. சிஆர்-வி என்றால் குரோம் வனேடியம், சற்று மென்மை, பெரிய அளவுகளுக்குப் போதும். ஆனால் பொறிப்பை மட்டும் நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். முனையை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு இதழும் ஒரே அளவாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பளபளவென்று தடித்த பூச்சு ஏறி விளிம்பு மழுங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நீளக் கம்பி ஸ்க்ரூடிரைவர் என்றால் கண்ணாடி மேஜையில் உருட்டுங்கள். முனை தள்ளாடினால் கம்பி நேராக இல்லை.

அடுத்ததுதான் உண்மையான பரீட்சை. கையோடு கொண்டுபோன ஸ்க்ரூவை முனையில் மாட்டி, ஸ்க்ரூடிரைவரைக் கிடையாகப் பிடியுங்கள். விழாமல் நின்றால் பொருத்தம் நன்று. காந்த முனை இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவைக் கொண்டுபோனால் அந்தச் சந்தேகம் இல்லை. அப்புறம் கையால் லேசாக இடது வலது ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கிட்டத்தட்ட தெரியவே கூடாது.

நூறு பிட் உள்ள பெட்டி கண்ணைப் பறிக்கும். அதில் ஆறேழு பிட்தான் கைக்கு வரும், மற்றவை துருப்பிடிக்கும். அதே பணத்தில் டி5, டி6, டி8, டி10, டி15, டி20 மட்டும் தரமாக வாங்குவேன். வீஹா, வேரா போன்ற ஜெர்மன் பெயர்கள் விலை கூடுதல், ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும். தினமும் வேலை செய்கிறவருக்கு அந்தப் பணம் வீணில்லை. வருடத்துக்கு நாலு முறை கழற்றுகிறவருக்கு, மேலே சொன்ன சோதனையில் தேறிய எதுவும் போதும்.

படி 5: கழற்றுவதும் முடுக்குவதும்

பிட்டைச் செங்குத்தாக, அடிவரை அழுத்தி, இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையா? மரையில் நீலப் பசை போட்டிருக்கலாம், லேப்டாப்களில் சகஜம். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் சில நொடி வைத்தால் பசை இளகும். சுற்றிப் பிளாஸ்டிக் இருந்தால் அது உருகும், கவனம்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது உடனே வலப்பக்கம் முடுக்காதீர்கள். முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று இறங்கும், பழைய மரை அங்கே ஆரம்பிக்கிறது. அங்கிருந்து முடுக்குங்கள். பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். முனை லேசாக முறுக்கிக்கொண்ட பிட்டை "இன்னும் ஒரு தடவை" என்று பெட்டியில் வைக்க வேண்டாம், அடுத்த ஸ்க்ரூவின் தலையை அது தின்றுவிடும்.