செட்டிநாட்டு வீட்டுல லேப்டாப்புக்கு வைஃபை ஒழுங்கா வரணும்னா

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டுல உக்காந்து வேலை பாக்குறவங்க நிறையப் பேர் சொல்றது, முகப்புல (வீட்டு முன்பகுதி) நெட் பறக்குது, ரெண்டாங்கட்டுக்குப் (வளவுக்குப் பின்னாடி இருக்குற பகுதி) போனா லேப்டாப்புல ஒரு கோடு தான் நிக்குதுன்னு. உடனே பெரிய பிளானுக்கு மாறிடாதீங்க, காசுதான் தண்டம். முதல்ல கோளாறு லைன்லயா, வைஃபைலயா, லேப்டாப்புலயான்னு பிரிங்க.

லேப்டாப்பையும் போனையும் ரவுட்டர் பக்கத்துல கொண்டு போங்க, போன்ல மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. ரெண்டுலயும் நெட் இல்ல, ஃபைபர் வந்து சேர்ற பாக்ஸ்ல எல்ஓஎஸ் (LOS, சிக்னல் போச்சுன்னு காட்டுற) லைட் சிவப்பா எரியுதுன்னா ஃபைபர் லைன் போச்சு, கம்ப்ளைண்ட் குடுக்குறதத் தவிர வேற வழியில்ல. போன்ல வருது லேப்டாப்புல மட்டும் வரலன்னா விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிங்க. ஐபி, அதாவது நெட்வொர்க்ல லேப்டாப்போட அட்ரஸ், 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்டேந்து அட்ரஸே வரல, அந்த வைஃபைய ஃபர்கெட் குடுத்துட்டு ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி திரும்ப கனெக்ட் பண்ணுங்க. ஐபி சரியா இருந்தா அங்கயே ping 8.8.8.8னு அடிச்சு வெளிய இருக்குற சர்வர் பதில் சொல்லுதான்னு பாருங்க, ரிப்ளை வருது ஆனா எந்த சைட்டும் திறக்கலன்னா அது டிஎன்எஸ் (சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குறது) கோளாறு, வைஃபை செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்ஸ 1.1.1.1னு மாத்திப் பாருங்க. அப்பப்ப தானா கட்டாகுதுன்னா டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரோட பவர் மேனேஜ்மெண்ட்ல, பவர் மிச்சம் பண்ண ஆஃப் பண்ணிக்கலாம்னு இருக்குற டிக்க எடுத்துருங்க.

ரவுட்டர் பக்கத்துல நல்லா ஓடி உள்ள போனாத்தான் திணறுதுன்னா சுவர்தான் காரணம். நம்ம வீட்டுச் சுவர் கனம் அப்படி, வைஃபைல 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதுல ரொம்பவே சுருண்டுரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாங்கும் ஆனா ஸ்பீடு கம்மி. ஆனா நடுவுல வளவு (முற்றம்) வானத்தப் பாத்துத் திறந்து கெடக்குதுல்ல, அதுதான் நமக்கு வரம். முகப்புல அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்குற ரவுட்டர எடுத்து, வளவச் சுத்துற தாழ்வாரத்துல, சாரல் படாத இடமா, ஆள் உயரத்துக்கு மேல வைங்க, கதவத் திறந்தா அறைக்குள்ளயும் சிக்னல் எட்டும். ரெண்டாங்கட்டு, அடுப்படி வரைக்கும் வேணும்னா சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் வாங்காதீங்க, சாதா ரிப்பீட்டர்ல ஸ்பீடு பாதியாயிரும். கேட் 6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும், அத இழுத்து அங்க ஒரு அக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையாக் குடுக்குற பெட்டி) வைங்க. தயவு செஞ்சு பழைய சுண்ணாம்புப் பூச்சுல டிரில் போட்ராதீங்க, அந்த வழவழப்ப திரும்பக் கொண்டு வர ஆள் கெடைக்கிறது கஷ்டம், தாழ்வாரத்து உத்தரத்த ஒட்டியே கேபிள கட்டிக் கொண்டு போயிரலாம். வெட்ட வெளியில மட்டும் இழுக்காதீங்க, இடி மின்னல் இருக்கு.

இனி பூட்டு. பிரவுசர்ல ரவுட்டர் பேஜுக்கு, அட்ரஸ் பெரும்பாலும் 192.168.1.1, உள்ள போயி அட்மின் பாஸ்வேர்ட முதல்ல மாத்துங்க, வைஃபை பாஸ்வேர்டு வேற இது வேற. செக்யூரிட்டில டபிள்யூபிஏ3 (WPA3), இல்லன்னா டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2-AES) வைங்க, பழைய டபிள்யூஇபி (WEP) வேணாம், அது 2001லயே உடைபட்டுப் போச்சு. டபிள்யூபிஎஸ் (WPS, பாஸ்வேர்டு அடிக்காம பட்டன், பின் நம்பர்லயே சேர விடுறது), ரிமோட் மேனேஜ்மெண்ட் (வெளியிலேந்து ரவுட்டர் பேஜுக்குள்ள வர விடுறது) ரெண்டையும் ஆஃப். ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரோட சாஃப்ட்வேர், அப்டேட் இருந்தா போட்டுருங்க.

நம்ம ஊர்ல முக்கியமானது கெஸ்ட் நெட்வொர்க், வந்தவங்களுக்குன்னு தனிப் பேர், தனி பாஸ்வேர்டோட ஒரு வைஃபை. கல்யாணம், அறுபதாங்கல்யாணம்னா அத்தன புள்ளியும் (குடும்பமும்) வந்து எறங்கும், சமையல் ஆளுலேந்து வீடியோக்காரர் வரைக்கும் பாஸ்வேர்டு கேப்பாங்க, ஆச்சியும் முகம் கோணாம எழுதிக் குடுத்துருவாங்க. வந்தவங்கள சங்கடப்படுத்தவும் வேணாம், மெயின் பாஸ்வேர்டும் வெளிய போக வேணாம், கெஸ்ட் ஒண்ணு ஆன் பண்ணி அத க்யூஆரா பிரிண்ட் எடுத்து பட்டாலைல (வந்தவங்க உக்கார்ற கூடம்) ஒட்டிருங்க, விசேஷம் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிருங்க. ஏற்கனவே மெயின் பாஸ்வேர்டு ஊரெல்லாம் போயிருச்சுன்னா இன்னிக்கே மாத்துங்க, அப்புறம் ரவுட்டர்ல கனெக்டட் டிவைஸ் லிஸ்ட்டத் திறந்து தெரியாத பேர் எதுவும் நிக்குதான்னு ஒரு தடவ பாத்துருங்க.