பழைய பெட்ரோமாக்ஸில் காற்று நிற்கவில்லையா? கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

பம்ப் அடித்தால் அழுத்தமானியின் முள் ஏறுகிறது; கையை எடுத்ததும் மெல்ல இறங்கிவிடுகிறது. மேண்டில் (சூட்டில் ஒளிரும் வலைப்பை) வெளுத்துப் பிடிக்காமல் மஞ்சளாகத் துடிக்கிறது. உடனே ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் இறுக்கத் தோன்றும். வேண்டாம். பித்தளை மரை ஒருமுறை போனால் போனதுதான். பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன வாஷர். அது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. காலி செய்யுங்கள்

மூடியிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, அழுத்தம் முழுதும் போன பிறகு மண்ணெண்ணெயை வடியுங்கள். கண்ணாடியையும் மேல்பாகத்தையும் கழற்றி வையுங்கள். பழைய மேண்டிலின் சாம்பலை ஊதித் தள்ளாதீர்கள். அந்தக் கால மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

2. சோப்பு நுரைச் சோதனை

குமிழை (எரிபொருளைத் திறந்து மூடும் கைப்பிடியை) மூடிய நிலையில் வைத்து, காலித் தொட்டியில் சுமார் 1 பார் வரை காற்றடியுங்கள். வழக்கமாக எரியும்போது இருக்கும் அழுத்தம் 2 பார். மானியில் சிவப்புக் கோடு அங்கேதான். சோதனைக்கு அதில் பாதி போதும். கெட்டியான சோப்பு நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள்: மூடியின் விளிம்பு, காற்றுத் திருகு, மானி, ஆவிக்குழாய் (மண்ணெண்ணெய் சூடாகி ஆவியாகும் குழாய்) தொட்டியோடு சேரும் நட்டு, குமிழின் தண்டு, ஆவி பீறிடும் சிறு துளையுள்ள நிப்பிளின் நுனி. பக்கத்தில் தீ எதுவும் இருக்கக் கூடாது. காலித் தொட்டியிலும் மண்ணெண்ணெய் ஆவி இருக்கும்.

அவசரப்படாதீர்கள். சில கசிவுகள் ஒரு நிமிடம் கழித்துத்தான் ஒரு குமிழி விடும்.

3. மூடி வாஷர்

முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். சாதாரண ரப்பரை வெட்டிப் போட்டால் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் அல்லது வைட்டான் வாஷர்தான் வேண்டும்.

4. பம்புக்கு அடியில் உள்ள ஒருவழி வால்வு

காற்றடித்துவிட்டுக் கைப்பிடியை விடுங்கள். அது தானாக மேலே எழும்பினாலோ, பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஏறியிருந்தாலோ ஒருவழி வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில் பலர் பம்புத் தண்டின் நுனியிலுள்ள தோல் வாஷரை மாற்றிவிட்டு ஏமாறுவார்கள். தோல் வாஷர் காற்றை உள்ளே தள்ளத்தான். தள்ளிய காற்றைப் பிடித்து வைப்பது அதன் வேலையல்ல. அது காய்ந்திருந்தால் பம்ப் அடித்தும் முள் ஏறாது. எண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தைக் கொஞ்சம் விரித்துவிட்டால் உயிர் பெறும்.

வால்வைக் கழற்ற அதன் தலையில் சரியாகப் பொருந்தும் நீண்ட சாவி தேவை. பொருந்தாத கருவியால் திருப்பினால் தலை மழுங்கும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள்; நிதானமாக, ஒரே சீராக அழுத்தித் திருப்புங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சிறு அடைப்பானும் இருக்கும். அடைப்பானில் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் அதுதான் கசிவு. அதே அளவில் தட்டையான வைட்டான் துண்டு போடுங்கள். திருப்பி மாட்டும்போது வால்வின் ஈய வாஷரும் புதியதாக இருக்கட்டும்.

5. ஆவிக்குழாய்

நட்டடியில் குமிழி வந்தால் ஈய வாஷரை மாற்றுங்கள். ஈயம் ஒருமுறைதான் நசுங்கிப் பொருந்தும். பழைய துணுக்கை மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் வாஷர் உட்காரும் பரப்பில் கீறல் விழும். குமிழின் தண்டில் கசிந்தால் அதன் நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். உள்ளே நார்போலப் பழைய பேக்கிங் இருந்தால் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், ஈரப்படுத்தாமல் தொடாதீர்கள். குமிழ் மூடியிருந்தும் நிப்பிளில் குமிழி வந்தால் குழாயின் அடி வால்வைப் பாருங்கள்.

6. தொட்டியிலேயே விரிசல் இருந்தால்

பித்தளைத் தகட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த விளக்கை ஏற்றவே கூடாது. விரிசலை ஈயப்பற்று வைத்து அடைக்கத் தொட்டியைச் சூடாக்குவதும் புதியவர்களுக்கான வேலையல்ல, உள்ளே ஆவி இருக்கும். அம்மோனியா கலந்த பாலிஷும் பித்தளையில் விரிசலை உண்டாக்கும். டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

7. கடைசிச் சோதனை

எல்லாம் பூட்டி, 2 பார் வரை காற்றடித்து ஒரு மணி நேரம் நிழலில் வையுங்கள். அடித்த காற்று குளிர்வதால் முள் முதலில் இம்மியளவு இறங்கலாம், அது கசிவல்ல. பிறகு அசையாமல் நின்றால் முக்கால் தொட்டிக்கு மேல் போகாமல் மண்ணெண்ணெய் ஊற்றி, முதல் முறை திறந்த வெளியில் ஏற்றுங்கள்.